நாலுக்கு ஐந்து ஃபிலிமில் நட்சத்திரம்: கேமரா கட்டும் நாட்குறிப்பு

2025 ஜனவரி 4

வானத்துக்கு மட்டுமான 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) கேமரா. நட்சத்திரம் எப்போதும் முடிவிலியில்தான்; ஆகவே பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) வேண்டாம், ஃபோகஸ் திருகும் வேண்டாம், மரப்பெட்டி போதும். பெல்லோஸ் கேமராவை அண்ணாந்து நிறுத்தினால் முன்பலகை தன் எடையில் மெல்லத் தொய்யும். நாற்பது நிமிட எக்ஸ்போஷருக்கு அது ஆகவே ஆகாது.

லென்ஸ் 150 மி.மீ., எஃப்/5.6, கோப்பல் 0 ஷட்டர். படப்பரப்பு சுமார் 95×120 மி.மீ.; வானத்தில் 35×44 டிகிரி. ஓரியன் விண்மீன் கூட்டம் முழுசாக அடங்கி இடம் மிஞ்சும்.

ஜனவரி 7

பெட்டிக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட். மூலைகளை வெறுமனே முட்டவைத்து ஒட்டினால் பசை விட்ட இடத்தில் வெளிச்சம் நேராக நுழையும். ஓரத்தில் 6 மி.மீ. படி வெட்டி ஒட்ட வேண்டும். லென்ஸ் பலகை 3 மி.மீ. அலுமினியம், நடுவில் ஷட்டருக்கு 34.8 மி.மீ. துளை, லேத் பட்டறை வேலை. பெட்டியின் நீளத்தைக் கணக்கிட்டதைவிட 2 மி.மீ. குறைத்தே வெட்டியிருக்கிறது. பித்தளை ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) கொடுத்து நீளத்தைக் கூட்டலாம், குறைக்க வழியில்லை. உள்ளே மேட் கறுப்பு.

ஜனவரி 11

முழுக் கவனமும் பின்பக்கத்துக்குத்தான். ஃபிலிம் ஹோல்டரின் (ஃபிலிமை ஏற்றிக் கேமராவின் பின்னால் செருகும் சட்டம்) உட்தகடு, ஹோல்டர் கேமராவில் படியும் முகத்திலிருந்து 5.00 மி.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். இது நிர்ணயிக்கப்பட்ட அளவு, விலகல் 0.18 வரை அனுமதி. ஃபிலிமின் கனம் 0.18. ஆகவே எமல்ஷன் (ஒளியுணரும் பூச்சு) 4.8 மி.மீ.யில் நிற்கும். நட்சத்திரப் புள்ளி 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டுமென்றால் எஃப்/5.6-இல் கிடைக்கும் சலுகை 5.6 × 0.03, அதாவது முன்னும் பின்னும் 0.17 மி.மீ. ஹோல்டரின் அனுமதி விலகல் ஒன்றே அதைத் தின்றுவிடும். கையிலுள்ள ஹோல்டர்களை டெப்த் கேஜால் நாலு மூலையிலும் நடுவிலும் அளந்து, ஒத்துப்போகிறவற்றை மட்டும் வானத்துக்கு ஒதுக்கவும்.

ஹோல்டரின் ஒரு முனையில் மெல்லிய மேடு இருக்கும். அதற்கேற்ற பள்ளம் பெட்டியின் பின்முகத்தில் வேண்டும். வெளிச்சத்தைத் தடுப்பதும் அதுதான், டார்க் ஸ்லைடை (ஃபிலிமை மூடியிருக்கும் தகடு) இழுக்கும்போது ஹோல்டர் நகராமல் பிடிப்பதும் அதுதான்.

ஜனவரி 14

பொங்கல், பட்டறை மூடல். ஒளிக்கசிவு சோதனை: ஃபிலிம் ஏற்றி, லென்ஸ் மூடி, டார்க் ஸ்லைடை எடுத்து, வெயிலில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்தது. டெவலப் செய்ததில் ஒரு மூலையில் கறுப்புத் திட்டு. லென்ஸ் பலகையின் திருகுத் துளை உள்வரை போயிருந்ததே காரணம். கறுப்பு சிலிக்கானால் அடைத்தாயிற்று.

ஜனவரி 18

ஃபோகஸ். கிரவுண்ட் கிளாசின் (ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடி) சொரசொரப்பில் 0.17 மி.மீ.யை நம்பிப் பிடிக்க முடியாது. பிளேடு முறைதான் சரி. உடைந்த ஹோல்டரின் நடுத்தகட்டை வெட்டியெடுத்து, சவர பிளேடின் விளிம்பு 4.8 மி.மீ. ஆழத்தில் நிற்கும்படி ஒட்ட வேண்டும். கேமராவை மவுண்டில் (நட்சத்திரத்தைத் தொடர்ந்து திரும்பும் தாங்கி) ஏற்றி, கண்ணைப் பிளேடுக்குப் பின்னால் வைத்துப் பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தால் லென்ஸ் முழுதும் ஒளிர்ந்து தெரியும். மவுண்டை மெதுவாக நகர்த்தி நட்சத்திரத்தைப் பிளேடின் விளிம்புக்குக் கொண்டுவரவும். பிளேடு இருக்கும் பக்கத்திலிருந்தே நிழல் ஏறினால் பெட்டி குட்டை, ஷிம் சேர்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறினால் ஷிம் எடுக்க வேண்டும். லென்ஸ் முழுதும் ஒரே நேரத்தில் அணைந்தால் அதுதான் ஃபோகஸ். 0.05 மி.மீ. ஷிம் ஒன்றைக் கூட்டிக் குறைத்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜனவரி 24

பனி தடுக்க லென்சைச் சுற்றி 330 ஓம் ரெசிஸ்டர் ஐந்து, பேரலலாக, 12 வோல்ட்டில். மொத்தம் 2.2 வாட்; இளஞ்சூடு போதும்.

மவுண்ட்: 0.03 மி.மீ. என்பது இந்த லென்சில் 41 ஆர்க் நொடி (டிகிரியில் அறுபதில் ஒன்று ஆர்க் நிமிடம், அதில் அறுபதில் ஒன்று ஆர்க் நொடி). நாற்பது நிமிடத்துக்கு அந்த அளவுக்குள் நிற்க, மவுண்டின் துருவ அச்சு (வானத் துருவத்தை நோக்கும் சுழல் அச்சு) காட்டும் பிழை 4 ஆர்க் நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். துருவ நட்சத்திரத்தையே நடுவில் வைத்தால் பிழை சுமார் 38 ஆர்க் நிமிடம், புள்ளி 0.3 மி.மீ. கோடாக இழுபடும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். ஒரு காலை நேர் வடக்கே வைக்காமல் திருப்பி வைத்துப் பார்க்கவும். இடித்தால் முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே நீட்டிப்புக் குழாய் போடவும்.

ஜனவரி 29, தை அமாவாசை

ஜவ்வாது மலை. இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிம், எஃப்/5.6, 40 நிமிடம். டார்க் ஸ்லைடை எடுத்து, லென்ஸ் மூடியபடி இருபது நிமிடம் விட்ட பிறகே எக்ஸ்போஷர்; ஈரப்பதம் மாறும்போது ஃபிலிம் வளைவது அதற்குள் அடங்கிவிடும். ஒன்பதேகால் மணிக்கு ஓரியன் உச்சியில், சுமார் 77 டிகிரி உயரம். ஃபிலிம் தன் எடையிலேயே தகட்டில் படிந்துகொள்ளும். கிட்டத்தட்ட தலைக்கு மேலே எடுப்பதில் இது பெரிய வசதி. ஷட்டர் திறக்கும்போது முன்னால் கறுப்பு அட்டை, அதிர்வு அடங்கப் பத்து நொடி, பிறகு அட்டையை எடுக்கவும்.

ஹைட்ரஜனின் சிவப்பு 656.3 நானோமீட்டர். எச்பி5-இன் உணர்திறன் அந்த இடத்தில் ஏறக்குறைய முடிந்துவிடுவதால் சிவப்பு நெபுலாக்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

பிப்ரவரி 1

ஐடி-11 டெவலப்பர், நீர் சேர்க்காத கரைசல், 20 டிகிரி, 10.5 நிமிடம். குழாய்த் தண்ணீர் சூடாக இருப்பதால் ஐஸ் தொட்டி அவசியம்.

நெகட்டிவைப் படிக்கும் விதம்: நாலு மூலையிலும் நட்சத்திரங்களுக்கு ஒரே மாதிரி வால் என்றால் லென்சின் குறை. ஒரு பக்கம் மட்டும் என்றால் பின்பலகை சாய்வு. நடுவில் திட்டாக மங்கல் என்றால் ஃபிலிம் உப்பியிருக்கிறது. இதில் முதல் இரண்டும் உண்டு. சாய்வுக்கு வலப்பக்கம் 0.1 ஷிம். வாலைக் குறைக்க லென்ஸ் துளையை எஃப்/8-க்குச் சுருக்கினால் நாற்பது நிமிடம் எண்பதோடு நிற்காது: நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறையும், எச்பி5-க்கு இல்ஃபோர்டு அதற்குத் தரும் 1.31 அடுக்கின்படி 99 நிமிடம், துருவப் பிழைக்கு இடம் 1.6 ஆர்க் நிமிடம்தான். எஃப்/6.7 நியாயமான நடுவழி: 63 நிமிடம், 2.5 ஆர்க் நிமிடம். அடுத்த அமாவாசையை ஒட்டி, பிப்ரவரி 28-இல், இருட்டியதும் தொடங்கிவிட வேண்டும்; ஓரியன் அதற்குள் உச்சி தாண்டியிருக்கும்.