மருத்துவப் படிவத்தில் ஒரு சாப், ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர்

மோட்டார் பந்தய உரிம அட்டை போன வாரம் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், பதிவு மேசையில் அந்தப் பெண் என் மருத்துவப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

நான் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், செம்பனை ஆலைப் பட்டறையில் வேலை. என்னிடம் இருப்பது யமஹா ஆர்25 மோட்டார் சைக்கிள். உரிமம் எடுக்க முதலில் செப்பாங் ஓடுதளத்தில் நடக்கும் பந்தயப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. இங்கிருந்து செப்பாங் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டாரை ஓட்டிக்கொண்டே போனால் நெடுஞ்சாலையில் டோல் கிடையாது. ஆனால் ஓடுதளத்தில் விழுந்து உடைந்தால் எதில் வீடு திரும்புவது? அதனால் மாமாவின் காய்கறி லோரியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். மாமாவுக்கு அன்றைய வியாபாரம் போச்சு.

பள்ளியின் பதிவு மேசையில் அடையாள அட்டை நகல், படம், எல்லாம் சரி. மருத்துவப் படிவத்தில் வந்து நின்றது. டாக்டர் இரத்த அழுத்தம், கண், காது எல்லாம் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். கிளினிக் முத்திரை மட்டும் இல்லை.

"சாப் இல்லை. இதை எடுக்க முடியாது" என்றார் மேசையில் இருந்த பெண். முத்திரையைத்தான் இங்கே சாப் என்போம்.

கிளினிக்குக்குப் போன் போட்டேன். அவர்கள் உடனே வேறொரு தாளில் முத்திரை குத்திப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதையும் ஏற்கவில்லை, அசல் படிவத்தில்தான் இருக்க வேண்டுமாம். பள்ளி அனுப்பிய தகவலில் முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இருந்திருந்தால் போதும், இந்த அலைச்சலே இருந்திருக்காது. கட்டிய பணத்தை அடுத்த தேதிக்கு மாற்றித் தந்தார்கள், அதற்கு நன்றி. மோட்டாரை இறக்காமலேயே திரும்பினோம். தஞ்சோங் மாலிம் வரை மாமா எதுவும் பேசவில்லை. அப்புறம், "அடுத்த தடவையும் நான்தான் வருவேன், வேற யாரையும் கூப்பிடாதே" என்றார்.

தயவுசெய்து கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்குள் படிவத்தைப் பாருங்கள்: கையெழுத்து, தேதி, முத்திரை.

இரண்டாவது பயணத்தில் தாள்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. அடுத்து வண்டிப் பரிசோதனை. கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டி, எண்ணெய் மூடிக்கும் வடிகால் போல்டுக்கும், அவை கழன்றுவிடாமல் பிடிக்கும் லோக் வயர் என்ற கம்பியைக் கட்டியிருந்தேன். அதிகாரி கம்பியை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே பச்சையாக இருந்தது. அந்த வாரம்தான் ஆசையாகப் புதுக் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஊற்றியிருந்தேன்.

"இதோடு இறங்க முடியாது."

காரணத்தை அவர் பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் சிந்தினால் தார் காய்ந்துவிடும். கூலண்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்ற வழுவழுப்பான இரசாயனம் லேசில் காயாது, பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான். பந்தயத்தில் ரேடியேட்டருக்குள் தண்ணீர், இல்லையென்றால் எத்தில் ஆல்கஹால் கலந்த தண்ணீர்தான். பட்டறைக்காரன் நான், இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் பம்ப் அடியிலுள்ள போல்டைக் கழற்றினேன். பச்சைத் திரவம் தட்டில் விழுந்தது. கிள்ளானிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணன் கேட்காமலேயே தன் தண்ணீர் போத்தல்களை எடுத்துக் கொடுத்தார். ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து, வடித்தோம். முதல் தடவை வடிந்ததை விரலில் தேய்த்தபோது சோப்பு மாதிரி வழுக்கியது. இரண்டாவது தடவையும் கொஞ்சம். மூன்றாவது தடவைதான் விரலும் விரலும் உரசி நின்றன. அதிகாரியும் தொட்டுப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார். அந்தச் சின்ன ஸ்டிக்கருக்கு நான் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. முதல் இரண்டு சுற்றுப் பயிற்சிகள் போனது போனதுதான்.

வீட்டிலேயே காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் கூலண்டுக்கு மாற்றிவிடுங்கள், வெறும் தண்ணீர் உள்ளே துருப்பிடிக்க வைக்கும்.

எழுத்துத் தேர்வில் கொடிகள்தான் முக்கியம். எனக்கு ஒன்று தவறியது: கறுப்பில் ஆரஞ்சு வட்டம். கார் பந்தயம் பார்த்த பழக்கத்தில் 'பிட்டுக்குத் திரும்ப வேண்டும்' என்று, அதாவது ஓடுதளத்தின் ஓரம் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு, எழுதிவிட்டேன். மோட்டாரில் அப்படியில்லை. வண்டியில் கோளாறு என்று அர்த்தம், உடனே ஓடுதளத்தை விட்டு ஒதுங்க வேண்டும். பிட் வரை ஓட்டினால் வழியெல்லாம் எண்ணெய் சொட்டும். மெதுவாகப் பிட்டுக்குத் திரும்பச் சொல்வது சிவப்புக் கொடி. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரை வழுக்கும். இவை மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஓட்டியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். தோட்டத்துச் செம்மண் சாலையில் பழகியவன் என்பதால் முன் சக்கரத்துக்கு அருகிலேயே பார்த்து ஓட்டுகிறேன் என்று பயிற்றுநர் கண்டுபிடித்தார். குழிக்குப் பயந்த கண் அது. "வளைவு முடியும் இடத்தைப் பார், வண்டி உன் கண் பின்னால் வரும்" என்றார். கடைசி வளைவான அந்த இறுகிய இடது திருப்பத்தில் பார்வையைத் தூக்கி வெளியேறும் இடத்தில் வைத்தேன், கை தானாகத் தளர்ந்தது. 11வது வளைவைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் 2011இல் அங்கே உயிரை விட்ட இத்தாலிய மோட்டார் பந்தய வீரர் மார்கோ சிமொன்செல்லியை நினைத்துக்கொண்டேன். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி தருவது சான்றிதழ், உரிமம் இல்லை. போட்டி உரிமம் தருவது மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கம். சான்றிதழை வைத்துக்கொண்டு நேராகப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகாதீர்கள். விண்ணப்பித்த பிறகு எனக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை.

அட்டையை முதலில் மாமாவிடம்தான் காட்டினேன். லோரிச் சாவியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள். லோக் வயரும் அதை முறுக்கும் குறடும் என்னிடம் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளலாம்.