7 எம்.எம். பிட் இருக்கா அண்ணாச்சி?

ஹார்டுவேர் கடையில் 7 எம்.எம். டிரில் பிட் கேட்டால் பிட் வராது, கேள்விதான் வரும். "செவுத்துக்கா, இரும்புக்கா?" மரத்துக்கு, லேத்தில் மரப்பேனா கடைய என்று சொன்னால் கடைப்பையன் ஏற இறங்கப் பார்ப்பான். அண்ணாச்சி டப்பாவைத் துழாவி ஒன்றை நீட்டுவார்: "ரெண்டு நூல் இருக்கு. அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

ரெண்டு நூல் என்றால் கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. ஸ்லிம்லைன் என்ற ஒல்லிப் பேனாவின் உதிரிபாகக் கிட்டில், மரக்கட்டைக்குள் ஒட்டுவதற்கென்று வரும் பித்தளைக் குழாய் 7 மி.மீ. துளைக்கென்றே செய்தது. கால் இஞ்ச் துளைக்குள் அது எட்டிக்கூடப் பார்க்காது. "அப்போ 8 கொண்டு போங்க, தாராளமா போகும்" என்பார். போகும்தான். ஆனால் கடைந்து முடித்த பேனாவின் வெளிவிட்டம் புஷ் (எவ்வளவு கடைய வேண்டும் என்று காட்டும் உலோக வளையம்) பக்கத்தில் ஏறக்குறைய 8.4 மி.மீ. 7-இல் துளைத்தால் குழாயைச் சுற்றி 0.7 மி.மீ. மரம் மிஞ்சும். 8-இல் துளைத்தால் 0.2. ஈட்டி மரத்தில் வெங்காயத் தோல் உரித்த கதை. ரெண்டேகால் நூல், 7.14 மி.மீ., கிடைத்தால் மறுக்க வேண்டாம்; அந்தச் சின்ன இடைவெளியை எபாக்சி பசை அடைத்துவிடும்.

வாங்குமுன் நுனியைப் பாருங்கள். தனியாகப் பற்றவைத்த தடித்த தகடு தெரிந்தால் அது காங்கிரீட் பிட். மரத்தை அது வெட்டாது, தேய்க்கும்; புகை வரும், வீட்டார் அடுப்பைப் பார்க்க ஓடுவார்கள். நடுவில் ஊசியும் ஓரத்தில் இரண்டு பல்லும் இருந்தால் பிராட் பாயிண்ட். பலகையின் முகத்தில் அதைப்போல் சுத்தமாகத் துளைக்க வேறில்லை. பேனாக் கட்டையிலோ இழை ஓடும் திசையிலேயே துளைக்கிறோம். ஊசி மென்மையான வளையத்தைத் தேடி நழுவப் பார்க்கும். இங்கே என் ஓட்டு 135 டிகிரி ஸ்பிளிட் பாயிண்ட் (நழுவாதபடி நுனியைப் பிளந்து தீட்டிய) எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு. தங்க நிறப் பூச்சுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, கண்ணாடி மேல் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்ப்பது மேல். ஃபார்ஸ்ட்னர் பிட் அலமாரிக் கீலுக்கு 35 மி.மீ. குழி போட, பேனாவுக்கு வேண்டாம்.

கை டிரில்லில் நேராகப் போய்விடலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 5 டிகிரி சாய்ந்தால் 55 மி.மீ. ஆழத்தில் துளை கிட்டத்தட்ட 5 மி.மீ. விலகியிருக்கும். 19 மி.மீ. சதுரக் கட்டையில் துளையின் நடுவிலிருந்து அந்தப் பக்கம் மிச்சம் நாலரை. பேனாவின் பாதி விட்டமே 4.2. மேசை டிரில்லோ லேத்தோ இல்லாமல் இறங்கினால் விதியை நம்பித்தான் இறங்க வேண்டும்.

சாதாரண 7 மி.மீ. பிட்டில் தூள் வெளியேறும் சுருள் பள்ளம் 69 மி.மீ. நீளம்தான். பள்ளம் முழுக்க மரத்துக்குள் மறைந்தால் தூள் வெளியேற வழியில்லாமல் இறுகும், பிட் சூடேறும், கட்டை விரியும். ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை மரத்தில் அவசரமே ஆகாது. அக்ரிலிக் என்றால் வேகத்தை நன்றாகக் குறைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் உருகி, பிட்டைக் கவ்விக்கொண்டு கட்டையே சுற்ற ஆரம்பிக்கும். விரல்கள் கிளாம்பை அப்போதுதான் நினைத்துக்கொள்ளும்.

அடிப்பக்கம் சிதறுவது வேறு தொல்லை. கட்டையைக் குழாயைவிட 12 மி.மீ. நீளமாக வெட்டி, மறுபுறம் வெளியே வராமல் நிறுத்திவிட்டு, மீதியை ரம்பத்தால் அறுத்தால் துளை தானாகத் திறந்துகொள்ளும், சிதறல் இருக்காது.

கழிவுக் கட்டையில் முதலில் ஒரு துளை போட்டு, குழாயைப் பசையில்லாமல் விட்டுப் பாருங்கள். பிட்டைப் பிடிக்கும் சக் ஆடினால் 7 என்று எழுதிய பிட்டே 7.3 துளை போடும். பிட்டை அளந்து பயனில்லை, துளையை அளக்க வேண்டும். குழாயை உப்புக்காகிதத்தில் தேய்த்து, பசை தடவி, திருகியபடியே ஒரே மூச்சில் தள்ளுங்கள். இன்ஸ்டன்ட் பசை போட்டுவிட்டு, "நேராப் போகுதா?" என்று நடுவில் நிறுத்திப் பார்ப்பவருக்குக் குழாய் அங்கேயே குடியேறிவிடும். அதே 7 மி.மீ. பிட்டால் மெதுவாகத் துளைத்து எடுக்கலாம். பாதி நேரம் குழாய் வரும், பாதி நேரம் கட்டை இரண்டாக வரும்.