திரையில் தெரியாத பண்புக்கூறுகள்

கம்பத்தில் இணையப் பக்கங்கள் வடிவமைக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு, இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் குறிமொழியான எச்.டி.எம்.எல். கற்றுத் தருவதும் என் பொறுப்பு. கூடலூரைத் தாண்டி லோயர் கேம்பில் மலையேறினால் குமுளி வந்துவிடும் என்பதால், தேக்கடி விடுதிகளும் ஏலக்காய்க் கடைகளும் எங்களிடம் தமிழ், மலையாளம் இரண்டிலும் பக்கம் கேட்கின்றன.

பக்கத்தில் உள்ள பத்தி, படம், இணைப்பு போன்ற ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. அதைத் தொடங்கிவைக்கும் குறிச்சொல்லுக்குள் பெயர், சமக்குறி, மேற்கோள் குறிகளுக்குள் மதிப்பு என்று எழுதுவதே பண்புக்கூறு. போக வேண்டிய முகவரியைச் சொல்லும் 'ஹெச்ரெஃப்' இல்லாத இணைப்பு எங்கும் போகாது, படக் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் 'எஸ்.ஆர்.சி.' இல்லாத படம் வராது. இவற்றை விட்டவர் உடனே கண்டுகொள்வார். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்த வளைந்த மேற்கோள் குறியை உலாவி மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும் என்பதையும், விண்டோஸ் கணினியில் திறந்த படம் லினக்ஸ் சர்வரில் திறக்காவிட்டால் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒருமுறை சொன்னால் போதும். நான் நின்று நிதானித்துச் சொல்வது, விட்டுவிட்டாலும் பக்கம் அழகாகவே தெரிகிற பண்புக்கூறுகளைப் பற்றித்தான்.

முதலாவது, மொழியைக் குறிக்கும் 'லாங்'. பலரும் பயன்படுத்தும் மாதிரிக் கோப்புகளில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று எழுதப்பட்டிருக்கும். உள்ளே முழுக்கத் தமிழை நிரப்பிய பிறகும் அதை யாரும் தொடுவதில்லை. பார்வையற்ற ஒருவர் என்விடிஏ போன்ற திரை வாசிப்பானில் அந்தப் பக்கத்தைக் கேட்கும்போது, எந்த மொழியின் விதிப்படி ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பே அங்கே தவறாக இருக்கிறது. வண்டிப்பெரியாறு எஸ்டேட்டிலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி, "எழுத்தைப் பார்த்தே மொழி தெரிந்துவிடுமே அண்ணா, தனியாக எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் அறை வாடகை 1500 என்று எழுதினால், அந்த எண் எந்த மொழியின் எழுத்து? அதை எந்த மொழியில் படிப்பது என்று சொல்ல 'லாங்' வேண்டும். ஆகவே பக்கம் முழுமைக்கும் தமிழ் என்று குறித்துவிட்டு, மலையாளப் பத்தி வரும் உறுப்பில் மட்டும் மலையாளம் என்று குறிக்கச் சொல்கிறேன்.

'ஆல்ட்' படத்துக்கு மாற்றாக நிற்கும் சொற்கள். 1997இல் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 அதைப் படங்களுக்குக் கட்டாயமாக்கியது. இருந்தும் 'படம் 3' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். 'மாடி அறையிலிருந்து தெரியும் மிளகுத் தோட்டம்' என்று எழுத அதிக நேரம் ஆகாது, விடுதியைத் தேடுபவர் அறிய விரும்புவதும் அதைத்தான். வெறும் அலங்காரப் படமாக இருந்தால் 'ஆல்ட்'டை வெறுமையாக வைக்கலாம், ஆனால் அடியோடு நீக்கக் கூடாது. நீக்கினால் சில வாசிப்பான்கள் கோப்பின் பெயரையே படிக்கத் தொடங்கிவிடும்.

இருமொழிப் பக்கங்களில் அதிகம் தொல்லை தருவது, ஓர் உறுப்புக்கு இடும் தனிப் பெயரான 'ஐடி'. ஒரு பக்கத்தில் ஓர் ஐடி ஒரே முறைதான் வர வேண்டும். பெட்டிக்கு மேலே 'கைபேசி எண்' என்று எழுதும் லேபிளில் 'ஃபார்' என்ற பண்புக்கூறைச் சேர்த்து, அதில் அந்தப் பெட்டியின் ஐடியைக் கொடுத்தால், எழுத்தைத் தொட்டாலே பெட்டிக்குள் தட்டச்சு செய்யலாம். சிறிய கைபேசித் திரையில் இது பெரிய உதவி. ஆனால் தமிழ் முன்பதிவுப் படிவத்தை அப்படியே நகலெடுத்துக் கீழே ஒட்டிச் சொற்களை மட்டும் மலையாளமாக்கினால், ஐடிகள் இரட்டிப்பாகிவிடும். கீழே உள்ள மலையாள லேபிளைத் தொடுபவருக்கு மேலே உள்ள தமிழ்ப் பெட்டி திறக்கும். இதனால் ஒவ்வொரு ஐடியின் முடிவிலும் மொழிக்குரிய இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பதை எங்கள் அலுவலகத்தில் வழக்கமாக்கியிருக்கிறோம். பக்கத்தை ஒப்படைக்கும் முன், அதை எழுதாத வேறொருவர் திரையை அணைத்துவிட்டு, விசைப்பலகையும் என்விடிஏவும் கொண்டு அறை பதிவு செய்து பார்க்கிறார்.