உருவமற்ற பொருளை யார் படைத்தார்?

"ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்ற விவிலியத்தின் முதல் வசனத்தை வாசிக்கும்போது, இன்மையிலிருந்தே யாவும் தோன்றின என்ற அர்த்தத்தை நான் வெகுகாலம் கேள்வியின்றி ஏற்றிருந்தேன். ஆனால் அடுத்த வசனம் பூமி ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்தது என்கிறதே தவிர, அந்த ஒழுங்கின்மை எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய கிறிஸ்தவச் சிந்தனையாளர் ஜஸ்டின், கடவுள் உருவமற்ற பொருளிலிருந்து, அதாவது இன்னும் வடிவம் பெறாத மூலப்பொருளிலிருந்து, உலகை ஆக்கினார் என்று தயக்கமின்றிக் கூறுகிறார். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவே இதை, அந்த வசனங்களை எழுதியவராகக் கருதப்பட்ட மோசேயிடமிருந்து கற்றார் என்றும் வாதிடுகிறார். விசுவாசத்துக்காக உயிர்நீத்த அவரைத் திருச்சபை இன்றும் புனிதராகவே போற்றுகிறது. பழைய யூத நூலான 'சாலமோனின் ஞானம்' 11ஆம் அதிகாரமும் உருவமற்ற பொருளையே பேசுகிறது. மறுபுறம், மற்றொரு பழைய யூத நூலான மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாய், கடவுள் உள்ளவற்றிலிருந்து உலகை உண்டாக்கவில்லை என்கிறாள். ஆனால் அவள் தத்துவம் பேசவில்லை, கொல்லப்படவிருக்கும் கடைசி மகனுக்குத் துணிவூட்டுகிறாள்.

ஏறத்தாழ 180இல் அந்தியோக்கியாவின் ஆயர் தெயோபிலஸ்தான் சிக்கலைத் தெளிவாகப் பிடித்தார்: பொருளும் படைக்கப்படாதது என்றால் அதுவும் கடவுளுக்கு நிகராகிவிடும், இருக்கும் பொருளை வைத்து ஒன்றைச் செய்வது கைவினைஞனாலும் முடிகிற காரியம், அதில் கடவுளின் பெருமை என்ன?

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர், வாதத்தில் தோற்றுப்போன கிறிஸ்தவ ஆசிரியர் ஹெர்மோஜெனிஸ். கடவுள் தம்மிலிருந்து படைத்தார் என்றால் அவர் பகுக்கப்படுவார். இன்மையிலிருந்து படைத்தார் என்றால், நல்லவரான அவர் நன்மையை மட்டுமே படைத்திருப்பார். ஆகவே தீமைக்குக் காரணம் என்றுமுள்ள பொருளே என்பது அவர் முடிவு. இதை மறுக்க வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் தனி நூலே எழுதினார். ஹெர்மோஜெனிஸ் ஓவியர் என்பதையும் ஏளனத்துக்குப் பயன்படுத்திய அந்த நூலில் வசை மிகுதி. ஆயினும் ஒரு வாதம் கூர்மையானது. தீய பொருளை எடுத்துக் கடவுள் உலகைச் செய்தார் என்றால், தீமையை அவர் விரும்பி ஏற்றார், இல்லையேல் அதற்குக் கட்டுப்பட்டார் என்றாகிறது; எவ்வகையிலும் அவரைக் காப்பாற்றப் புறப்பட்ட விளக்கம் காப்பாற்றவில்லை. எனினும், தீமை எங்கிருந்து வந்தது என்று ஹெர்மோஜெனிஸ் கேட்டதன் கூர்மை அதனால் மழுங்கிவிடவில்லை என்பதே என் எண்ணம்.

ஜஸ்டினின் உருவமற்ற பொருளும் மறைந்துவிடவில்லை. 400ஆம் ஆண்டையொட்டி இறையியலாளர் அகுஸ்தீன் அதை மீண்டும் எடுத்துக்கொண்டு, 'கிட்டத்தட்ட ஒன்றுமில்லாதது' என்று வருணித்து, அதையும் கடவுள் இன்மையிலிருந்தே படைத்தார் என்று எழுதினார்.