கேஎல் வெயிலுக்கு நியான் வேண்டாம், ராஸ்போரா வாங்குங்கள்

கேஎல்லில் (கோலாலம்பூரில்) முதன்முதலாக மீன் தொட்டி வைக்கிறவர்கள் பலர் கடைக்குப் போனதும் கேட்பது நியான் டெட்ரா. அழகான மீன்தான். ஆனால் அது அமேசான் காட்டு நிழலில் வாழ்வது, 25 டிகிரியை ஒட்டிய தண்ணீர்தான் அதற்குச் சுகம். மதிய வெயில் நேராக இறங்கும் கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஹாலில் தொட்டித் தண்ணீர் 29, 30 என்று சாதாரணமாக ஏறிவிடும். அந்தச் சூட்டில் அதை வைத்திருப்பது பாவம்.

நம் ஊர் மீனே இருக்கிறதே! ஹார்லிக்வின் ராஸ்போரா. செம்பு நிற உடம்பு, பின்பாதியில் கறுப்பு முக்கோணம், அதிகம் போனால் 5 சென்டிமீட்டர். 1904-இல் மலாயா தீபகற்பத்து மீன்களைப் பற்றி எழுதிய ஜெர்மானியர் கியோர்க் டுங்கர்தான் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர். இலை விழுந்து தேநீர் நிறமாகிப்போன சதுப்புக்காட்டு ஓடைகளில் திரிவது, 28 டிகிரிக்கெல்லாம் அசராது. அதற்கு மேல் ஏறினால் ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பிவிடுங்கள். தண்ணீர் ஆவியாக ஆவியாக இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஹீட்டர் வாங்கவே வேண்டாம். காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் லேசாகப் பழுப்பேறும், இந்த மீன் பழகிய தண்ணீர் அதுதான்.

எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மூன்று, நான்கு என்று வாங்கி விடுவதைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது. கூட்டத்தில்தான் இவற்றுக்குத் தைரியம்; ஆள் குறைந்தால் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நிறம் வெளுத்து, சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும். இரண்டடித் தொட்டியில் பத்து விடுங்கள், ஆண்கள் ஒன்றுக்கொன்று நிறம் காட்டிப் போட்டி போடுவதை அப்போதுதான் பார்க்க முடியும். வேறு வேறு வகையில் இரண்டிரண்டாக வாங்குவதைவிட ஒரே வகையில் பத்து என்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை நீக்கும் ஆண்டி குளோரின் மருந்தைக் கலக்காமல் ஊற்றவே கூடாது. புதுத் தொட்டியில் அன்றைக்கே மீன் விடவும் கூடாது: மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பில்டருக்குள் வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அந்தக் காலத்தில் மீன் இல்லாமலேயே பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வந்தால் போதும்; அது அழுகி வரும் அம்மோனியாவே பாக்டீரியாவை வளர்க்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு கடைக்குப் போங்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், வளர்ந்த பாக்டீரியா செத்துவிடும்; தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் சரி.

கடையில் வாங்கும்போது ஒரு மீனை மட்டும் பார்க்காமல் மொத்தத் தொட்டியையும் பாருங்கள். ஒரு மீனாவது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றாலோ, உடம்பில் வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, மலிவாகவே கொடுத்தாலும் அந்தத் தொட்டி மீன் வேண்டாம்.