அறுபது நாள் கணக்கு

22 ஜனவரி 2024, திங்கள்

கிளிநொச்சியிலிருந்து சென்னையில் எங்கள் பங்குக் கோயிலின் நோயாளி உதவிக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் பதினோரு படங்கள். மூன்று வயதுப் பையன், 11 கிலோ. ஃபாலோட் டெட்ராலஜி. இதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் குறுக்கம், ஓட்டைக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கும் பெருந்தமனி, தடித்துப்போன வலது கீழறை. நான்கும் சேர்ந்த கோளாறுக்கு அந்தப் பெயர். அழுதால் உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிறதாம்.

வரத்தான் வேண்டுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. இலங்கையில் அரசு மருத்துவம் இலவசம். கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனையில் இந்த அறுவை நடக்கிறது. சென்னையில் நன்றாகப் பார்ப்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் காணியை விற்றுவிட்டு வர நினைப்பவர்களை நிறுத்தி வைப்பதும் இந்தத் தொண்டில் பாதி வேலை. இந்தப் பையனுக்கு அங்கே பெயர் பதிந்தாயிற்று, தேதிதான் வரவில்லை. நீலம் பாய்ந்து துவண்டுபோவது இப்போது வாரத்துக்கு இரண்டு முறை. ஆகவே வரட்டும்.

எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையின் போட்டோ மட்டும் போதாது, எக்கோ வீடியோ கோப்பு வேண்டும். நுரையீரல் தமனியின் இரண்டு கிளைகளும் எவ்வளவு அகலம் என்பதைப் பார்த்துத்தான் ஒரே அறுவையா, இரண்டா என்று டாக்டர் சொல்வார். கிளைகள் சிறுத்திருந்தால் முதலில் பிளேலாக்–தாமஸ்–டௌசிக் இணைப்பு (கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைப்பது), சில மாதம் கழித்து முழுத் திருத்தம். மதிப்பீட்டுக் கடிதம் கேட்கும்போதே இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘பேக்கேஜ்’ என்று ஒரே தொகை எழுதியிருந்தால் அதில் ஐசியூ எத்தனை நாள், ரத்தம் சேர்த்தியா, அதற்கு மேல் தங்கினால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்காமல் விடக்கூடாது.

30 ஜனவரி, செவ்வாய்

விசா. பையனுக்கு இ-மெடிக்கல் (இணையவழி மருத்துவ விசா, வந்து இறங்கியதிலிருந்து அறுபது நாள்), அம்மாவுக்கும் மாமாவுக்கும் இ-மெடிக்கல் அட்டெண்டண்ட். ஒரு நோயாளியுடன் இரண்டு பேருக்குத்தான் இடம். சுற்றுலா விசாவில் வந்துவிட்டு அட்மிஷனுக்குப் போய் நின்றால் சிக்கல். வருஷத்துக்கு ஒரு குடும்பமாவது இப்படி வந்து விழிக்கிறது.

விண்ணப்பம் பெரும்பாலும் திரும்புவது சின்ன விஷயங்களில். படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், ஜேபெக் கோப்பாக 1 எம்பிக்குள். பாஸ்போர்ட் பக்கமும் மருத்துவமனைக் கடிதமும் பிடிஎஃப், ஒவ்வொன்றும் 300 கேபிக்குள். போனில் ஸ்கேன் செய்தால் 2 எம்பி வரும், சுருக்கினால் எழுத்து மங்கும், மங்கினால் திருப்புவார்கள். கடிதத்தையாவது கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் இரண்டும் சரியாகிவிடும்.

பெயர்தான் பெரிய தொல்லை. அங்கே அப்பா பெயர் முன்னால் வரும். இங்கே மருத்துவமனையில் அதை இனிஷியலாகச் சுருக்கிக் கடிதம் அடித்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மாற்றி வாங்க நான்கு நாள் போயிற்று.

9 பிப்ரவரி, வெள்ளி

பணம். டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா, ‘உங்கட கணக்குக்கே போடுறன்’ என்றார். வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் (2010) பதிவில்லாத பங்குக் குழு வெளிநாட்டுப் பணத்தைத் தொடக்கூடாது. பதிவுள்ள அமைப்புகள்கூட 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். அவர் மருத்துவமனைக் கணக்குக்கே நேராக அனுப்பட்டும், குறிப்பில் நோயாளி எண் இருக்கட்டும். எண் இல்லாமல் வரும் பணம் கணக்குப் பிரிவில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

உள்ளூர்க்காரர்களிடமும் அதே முறைதான்: மருத்துவமனை பெயருக்குக் காசோலை, பின்பக்கம் நோயாளி எண்.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

விமானம். ஜெட் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி. ஏற்கெனவே ஆக்ஸிஜன் அளவு எண்பதுக்குக் கீழே நிற்கும் பிள்ளையைக் கொண்டுபோய் ஊட்டியில் நிறுத்துகிற கதை. யாழ்ப்பாணம் பலாலி நிலையத்திலிருந்து சென்னைக்கு வரும் ஏடிஆர் (சிறிய விசிறி விமானம்) அவ்வளவு உயரம் போவதில்லை. தவிர, கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆறேழு மணி நேரம் சாலையில் குலுங்காமல் இரண்டு மணி நேரத்தில் பலாலி போய்விடலாம். ஆக்ஸிஜன் வேண்டுமென்றால் அங்கத்திய டாக்டர் நிரப்பிய மெடிஃப் படிவம் மூன்று நாள் முன்பாகவாவது விமான நிறுவனத்துக்குப் போக வேண்டும். கவுண்டரில் நின்று கெஞ்சினால் சிலிண்டர் வராது.

அம்மாவுக்கு அனுப்பிய குரல்செய்தியில் இரண்டே விஷயம். ஒன்று, தண்ணீர். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் கெட்டியாக இருக்கும். வறண்டால் மூளையில் ரத்தக்கட்டி அடைக்கலாம். ‘வழியில் சத்தி (வாந்தி) எடுப்பான்’ என்று பட்டினி போட்டுக் கூட்டிவரக்கூடாது. இரண்டு, நீலம் பாய்ந்தால் முழங்கால் இரண்டையும் மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். காலுக்குப் போகும் குழாய்கள் நெருக்கப்பட்டு உடம்புப் பக்கம் அழுத்தம் ஏறும், ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். ஓடி விளையாடும்போது இந்தப் பிள்ளைகள் தாமாகவே குந்திக்கொள்வதும் இதனால்தான்.

20 பிப்ரவரி, செவ்வாய்

வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கு முதல் நாள், அறுபதாவது நாள் ஏப்ரல் 19. பங்கு அலுவலகச் சுவர்க் காலண்டரில் சிவப்புக் கட்டம் போட்டாயிற்று.

22 பிப்ரவரி, வியாழன்

தங்குமிடம் கன்னியர் மடத்து விருந்தினர் அறையில். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி படிவத்தை (2024-இல் இருந்த பெயர்) ஆன்லைனில் ஏற்ற வேண்டும். லாட்ஜானாலும், மடமானாலும், சொந்த வீடானாலும் இதே சட்டம். இதற்குப் பயந்தே இலங்கை பாஸ்போர்ட்டைக் கண்டதும் ‘ரூம் இல்லை’ என்கிற லாட்ஜ்கள் உண்டு. முதல் தடவை அந்த இணையதளத்தில் கணக்குத் திறக்கத்தான் நேரமாகும். வருவதற்கு ஒரு வாரம் முன்பே திறந்து வைத்தது நல்லதாயிற்று.

எதிர்பாராத மொழிபெயர்ப்பு வேலை ஒன்று, தமிழிலிருந்து தமிழுக்கு. அம்மா ‘களைக்குது’ என்கிறார். சோர்வாக இருக்கிறான் என்று இங்கே எழுதிக்கொள்கிறார்கள். அவர் சொல்வது மூச்சு வாங்குகிறது என்று. இதயக் கோளாறுள்ள பிள்ளைக்கு இந்த இரண்டும் வேறு வேறு அவசரம். நர்ஸ் ‘மோஷன் போனானா?’ என்றால் அம்மா திகைக்கிறார். ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டக் கொடுத்திருக்கிறோம்: சத்தி – வாந்தி, தடிமன் – ஜலதோஷம், நோகுது – வலிக்குது, வயித்தாலை போகுது – பேதி, களைக்குது – மூச்சு வாங்குது. கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு.

26 பிப்ரவரி, திங்கள்

சிடி ஆஞ்சியோவில் கிளைகள் போதுமான அகலம். ஒரே அறுவை போதும். ஆனால் பல் டாக்டர் நிறுத்திவிட்டார். கடைவாயில் இரண்டு சொத்தை. சொத்தையில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்தால், இதயத்துக்குள் வைக்கும் ஒட்டில் போய்க் குடியேறும். ஆன்டிபயாடிக் கொடுத்துப் பிடுங்கி, ஆறவிட்டுத்தான் மற்றது. இதை ஊரிலேயே பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சம். இனி முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே ‘வாயைத் திறந்து ஒரு போட்டோ’ என்று கேட்பதாக முடிவு.

2 மார்ச், சனி

மூக்கு ஒழுகுகிறது, இருமல். மயக்க மருந்து டாக்டர் மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிவிட்டார். சளியோடு பைபாஸ் இயந்திரத்தில் (அறுவையின்போது இதய, நுரையீரல் வேலையைச் செய்வது) போட்டால் நுரையீரல் தாங்காது.

எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. பத்து நாளில் பையனைப் பார்த்து ஜெபிக்க வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். கன்னத்தைக் கிள்ளியவர்கள் எத்தனை பேரோ. இன்றிலிருந்து அறைக்குள் இரண்டு தொண்டர்கள் மட்டும், அவர்களும் கை கழுவி, முகக்கவசத்தோடு. மற்றவர்கள் கோயிலிலிருந்தே ஜெபிக்கலாம், தூரம் ஒரு தடையில்லை. இன்னொன்றையும் எழுதி வைக்கலாம்: அது சைவ சமயக் குடும்பம். உதவிக்கு ஈடாக யாரும் அவர்கள் கையில் ஜெபப் புத்தகம் திணிக்க வேண்டாம்.

12 மார்ச், செவ்வாய்

ரமலான் இன்று தொடக்கம், தவக்காலம் பாதியில். ரத்தம் கொடுக்கிற இரண்டு கூட்டமும் நோன்பில் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வருபவரிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். நல்ல மனதோடு பட்டினியாக வந்து திரும்பிப் போவது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. பட்டியலில் கேட்டு எழுதிக்கொண்டவை: வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5, கடைசியாகக் கொடுத்து ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள். தட்டணு (பிளேட்லெட்) கொடுப்பவர் மூன்று நாளாக ஆஸ்பிரின் தொட்டிருக்கக்கூடாது. எடுக்க ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம்.

18 மார்ச், திங்கள்

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. நம் சிவப்புக் கட்டத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பொது விடுமுறை, எந்த அலுவலகமும் திறக்காது. சாஸ்திரி பவன் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு நீட்டிப்பு விண்ணப்பத்தை மருத்துவமனைக் கடிதத்தோடு ஆன்லைனில் இப்போதே தயார் செய்து வைக்கிறோம். தேவைப்படாமல் போனால் சந்தோஷம்.

பணத்திலும் கை வைத்துவிட்டது தேர்தல். ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் பறக்கும் படை பிடித்துவிடும், திரும்ப வாங்க அலைய வேண்டும். தவக்கால உண்டியல்களை உடைத்துப் பையில் கட்டி ஆட்டோவில் கொண்டுபோகும் வழக்கம் இந்த வருஷம் கிடையாது. அன்பியம் அன்பியமாக (பங்கின் தெருவாரிக் குழுக்கள்) எண்ணி, ரசீது போட்டு, அன்றன்றே வங்கியில் கட்டிவிட வேண்டும். மருத்துவமனையும் ஒரே நோயாளியின் கணக்கில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க முடியாது. அது வருமானவரிச் சட்டம்.

26 மார்ச், செவ்வாய்

நாளை அறுவை. கையில் கறுப்புக் கயிறு, இடுப்பில் அரைஞாண், கழுத்தில் தாயத்து. எல்லாம் கழன்று வர வேண்டும், ஊசியும் உணர்கருவியும் அங்கேதான். நர்ஸ் கத்தரிக்கோலோடு வருவதற்கு முன் அம்மாவையே அவிழ்த்து ஒரு டப்பாவில் வைக்கச் சொல்வது நல்லது. வெட்டுவது வேறு, அவிழ்ப்பது வேறு. ஒருவர் வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்தார். ஆக்ஸிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பசையே ஆகாது. அதை அறையின் ஜன்னல் மேடையில் வைத்தாயிற்று.

29 மார்ச், பெரிய வெள்ளி

அறுவை முடிந்து இரண்டாம் நாள். காலை ஏழு மணிக்கு போன்: தட்டணு வேண்டும். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும், வாங்கிச் சேர்த்து வைக்க முடியாத சரக்கு. பங்கு மக்கள் ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாடு), பள்ளிவாசல் நண்பர்கள் நோன்பு. மருத்துவமனை வாசல் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஒருவருக்கு எண்ணிக்கை போதவில்லை. மற்றவருடையது எடுத்தார்கள். மாலைக்கு மூன்று பேர் நோன்பு திறந்து, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு எட்டரைக்கு மேல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் ரத்த வங்கியில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், இரவில் கருவி ஓட்டுபவர் இருக்கிறாரா என்று.

4 ஏப்ரல், வியாழன்

நெஞ்சுக் குழாய் இன்றுதான் எடுத்தார்கள். இந்த அறுவைக்குப் பிறகு தடித்த வலது அறை விறைப்பாகவே இருக்கும், நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டே வரும். பேக்கேஜில் இருந்த ஐசியூ நாள் கடந்து இரண்டு நாள் கூடுதல். முதலிலேயே நாள் வாடகையை எழுதி வாங்கியதால் பில்லில் சண்டை இல்லை.

6 ஏப்ரல், சனி

டிஸ்சார்ஜ். ஆறேழு வாரத்துக்குக் கக்கத்தில் கைவைத்துத் தூக்கக்கூடாது, பிளந்த நெஞ்செலும்பு இன்னும் கூடவில்லை. ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை புட்டத்துக்குக் கீழே கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும். மாமாவுக்குத் தலையணையை வைத்துப் பழக்கியாயிற்று.

தண்ணீர் அளவு மில்லியில். ‘ஒரு டம்ளர்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள், மடத்து டம்ளர் ஒன்று, கிளிநொச்சி டம்ளர் இன்னொன்று. கோடு போட்ட மருந்து மூடி ஒன்று கொடுத்திருக்கிறோம். மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் வேதிப் பெயரும் எழுதி வாங்கியாயிற்று. இங்கத்திய பிராண்ட் யாழ்ப்பாணத்துக் கடையில் இருக்க வேண்டுமென்று இல்லை.

15 ஏப்ரல், திங்கள்

எக்கோ பார்த்து, நெஞ்சு எக்ஸ்ரேயில் காற்றோ நீரோ இல்லை என்று உறுதி செய்து, பறக்கலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது: நுரையீரல் வால்வு வளையத்தைத் தாண்டி ஒட்டு வைத்தார்களா, இல்லையா. வைத்திருந்தால் வால்வு கசியும், பிற்காலத்தில் வால்வு மாற்ற வேண்டி வரலாம், அங்கே பார்க்கப் போகும் டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். திரும்பப் போய் அறுவைக் குறிப்பையும் சிடி வட்டையும் சேர்த்து வாங்கியதில் மதியம் போயிற்று. வைத்திருக்கிறார்கள்.

16 ஏப்ரல், செவ்வாய், 57-ஆம் நாள்

கைப்பையில், மேலிருந்து: பாஸ்போர்ட், பறக்கத் தகுதிக் கடிதம், மூன்று நாள் மருந்து, மருந்து மூடி, சிடி, தாயத்து டப்பா. பெட்டியில் போட்டால் ஏடிஆரில் இடமில்லாமல் பின்னால் வரும் விமானத்தில் போட்டுவிடக்கூடும். நீட்டிப்பு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. சி படிவத்தில் வெளியேறிய தேதி ஏற்றியாயிற்று.