"பிரிட்டிஷ் உச்சரிப்பு" என்ற குறிப்பு போதாது

அமெரிக்கத் தொடர்களின் திரைக்கதையில் பிரிட்டன்காரர் ஒருவர் வந்தால், பாத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் "பிரிட்டிஷ் உச்சரிப்பு" என்று மட்டும்தான் எழுதியிருக்கும். உச்சரிப்புப் பயிற்சி தருபவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆள் கிளாஸ்கோவா, லிவர்பூலா, கார்டிஃபா? எந்த மாதிரிப் பள்ளியில் படித்தவர்? வீட்டில் என்ன தொழில்? இவை தெரியாமல் ஓர் உயிர் ஒலியைக்கூட முடிவு செய்ய இயலாது. விடை கிடைக்காத இடத்தில்தான் பழைய அச்சுகள் வந்து உட்காருகின்றன: மேட்டுக்குடிப் பேச்சு என்றால் பட்லர் (மாளிகைத் தலைமைப் பணியாள்) அல்லது வில்லன், கிழக்கு லண்டன் பேச்சு என்றால் திருடன்.

'ஃப்ரேசியர்' (1993–2004) தொடரின் டாஃப்னி மூன் இதற்கு நல்ல உதாரணம். கதைப்படி அவள் மான்செஸ்டர்க்காரி. நடித்த ஜேன் லீவ்ஸ் தென்கிழக்கு இங்கிலாந்தில் வளர்ந்தவர். டாஃப்னியின் அண்ணன் சைமனாக வந்த ஆஸ்திரேலியர் ஆந்தனி லபாக்லியா பேசியதோ லண்டன் பாணி. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் இருநூறு மைல் இடைவெளியில் பேசுகிறார்கள். அமெரிக்கக் காதுக்கு அது உறுத்தவில்லை. அந்த வேடத்துக்காக லபாக்லியா 2002இல் எம்மி விருதும் பெற்றார். அதே தொடரில் அமெரிக்க அப்பாவாக நடித்த ஜான் மஹோனிதான் உண்மையில் மான்செஸ்டரில் வளர்ந்தவர்!

வடக்கத்திப் பேச்சு எங்கே சறுக்கும் என்பதைச் சொல்லிவிடலாம். 'கப்' என்பது அங்கே ஏறக்குறைய 'குப்' என்று ஒலிக்கும். 'பாத்' (குளியல்) என்று தெற்கே நீளும் சொல் அங்கே 'பத்' என்று குறுகும். இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டால் ஊர் கலைந்துவிடும். அடுத்த சிக்கல் 'ர்'. இங்கிலாந்தில் பெரும்பாலோர் சொல்லின் கடைசி 'ர்'-ஐ ஒலிப்பதில்லை என்று படித்த அமெரிக்க நடிகர் எல்லா இடத்திலும் அதை விழுங்குவார். அடுத்த சொல் உயிர் ஒலியில் தொடங்கினால் 'ர்' திரும்பி வந்துவிடும்: 'ஃபார்' (தொலைவு) என்ற சொல் தனியாக நின்றால் 'ஃபா', அடுத்த சொல்லோடு சேர்ந்தால் 'ஃபார் அவே'. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் 'ர்' எப்போதுமே ஒலிக்கும். கோபமோ அழுகையோ வரும் காட்சியில் முதலில் நழுவுவது இந்த ஒலிதான். ஆகவே பயிற்சியை அமைதியான வசனத்தில் தொடங்கக் கூடாது. கத்தும் வசனத்தை முதலில் எடுக்க வேண்டும். ஒலி தடுமாறும்போது வசனத்தில் 'ப்ளடி', 'மேட்' என்று பிரிட்டிஷ் கொச்சைச் சொற்களைத் தூவி ஈடுகட்டுவது வழக்கமாகிவிட்டது. அது பாத்திரத்தை இன்னும் பொம்மையாக்கும்.

இந்த அச்சுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு தேதியே உண்டு. 1971 ஜனவரியில் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸில் 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' தொடங்கியது. மொபில் எண்ணெய் நிறுவனம் பணம் தந்தது. பிரிட்டனில் எடுக்கப்பட்ட நாடகங்கள், அவற்றிலும் நிறைய பழைய காலத்து உடையும் மாளிகையுமாக இருந்தவை, அமெரிக்க வரவேற்பறைகளுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. தொழிற்சாலை நகரங்களின் பிரிட்டன் அந்த அளவுக்குப் போகவில்லை. 1992 வரை அதைத் தொகுத்து வழங்கிய அலிஸ்டர் குக்கை அமெரிக்கர்கள் ஆங்கிலக் கனவானின் இலக்கணமாகவே கண்டார்கள். அவர் பிறந்தது மான்செஸ்டரை ஒட்டிய தொழில் நகரமான சால்ஃபோர்டில். 1941இலேயே அமெரிக்கக் குடிமகனாகியிருந்தார். அந்தப் பேச்சு கற்று அடைந்தது, ஊர் தந்ததல்ல. அதனால்தான் அதை வெளியாரும் கற்க முடிகிறது. 'தி நானி' தொடரின் ஆங்கில பட்லர் நைல்ஸாக நடித்த டேனியல் டேவிஸ் ஆர்கன்சாஸ் மாநிலத்துக்காரர். அவர் உழைப்பு மெச்சத்தக்கது. நான் குறை காண்பது நடிகரிடம் அல்ல. பிரிட்டன் என்றதும் பட்லரைத் தேடும் எழுத்து மேசையிடம்.

கலைத் துறையினருக்கும் இதில் பங்கு உண்டு. தேநீர் என்றால் வெள்ளித் தட்டு, பூப்போட்ட கோப்பை, சாஸர். உண்மையில் பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் ஒரு மக், ஒரு டீ பேக், மின் கெட்டில், கொஞ்சம் பால். அங்கே 230 வோல்ட் மின்சாரத்தில் 3 கிலோவாட் கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை இரண்டு நிமிடம் சொச்சத்தில் கொதிக்க வைக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட்டில் கெட்டில் 1.5 கிலோவாட் அளவில்தான் ஓடும், நேரம் இரட்டிப்பாகும். மின் கெட்டில் இல்லாத சமையலறைகளில் வளர்ந்தவர்கள் அரங்கை அமைக்கும்போது சடங்குத் தேநீர்தான் கைக்கு வருகிறது. ஒரு மக்கை மாற்றி வைத்தாலே காட்சியின் வர்க்கம் மாறிவிடும்.

பல் பற்றிய கேலி இவற்றைவிட மோசம், ஏனென்றால் அது தவறான தகவல். 'தி சிம்ப்சன்ஸ்' 1993இல் பிரிட்டிஷ் பற்களை வைத்து ஒரு நகைச்சுவை செய்தது. அதன் பிறகு எத்தனையோ தொடர்கள் அதைத் திரும்பச் சொல்லிவிட்டன. இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு 2015இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பல் இழப்பு சராசரியாக அமெரிக்கர்களிடமே சற்று அதிகம். வெண்மையும் வரிசையும் வேறு, ஆரோக்கியம் வேறு. இத்தகைய வசனத்தைத் திரைக்கதை வாசிப்பிலேயே எடுக்கச் சொல்ல வேண்டும். படப்பிடிப்பு நாளில் யாரும் கேட்க மாட்டார்கள்.

விருந்தினர் வேடத்துக்கு நடிகர் தேர்வாகிச் சில நாள்களிலேயே படப்பிடிப்பு வந்துவிடும். முழு உச்சரிப்பு மாற்றத்துக்கு அது போதாது. அப்போது பாத்திரத்தின் ஊரை நடிகரின் ஊருக்கு மாற்றச் சொல்லுங்கள். லீட்ஸ் நகரத்து நடிகை கிடைத்தால் பாத்திரமும் லீட்ஸிலிருந்து வரட்டும். வசனத்தில் ஓர் ஊர்ப் பெயரைத் திருத்தினால் முடிந்துவிடும் வேலை.